பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம்: ஒரே நாளில் பதிவான கனம்

1969 அக்டோபர் 16 அன்று பர்மிங்காமைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் லண்டனின் ரீஜென்ட் சவுண்ட் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தார்கள். இரண்டு பேருக்கு வயது 21, மற்ற இருவருக்கு 20. ஏறத்தாழ 600 பவுண்டு பட்ஜெட், நான்கு டிராக் டேப் இயந்திரம், சுமார் பன்னிரண்டு மணி நேரம். இவ்வளவுதான் அவர்களுக்குக் கிடைத்தது. கிளப்புகளில் இரவுக்கு இரவு வாசித்துக்கொண்டிருந்த பாடல்களையே அங்கேயும் வாசித்தார்கள். சாமான்களைக் கட்டிக்கொண்டு அடுத்த நாளே சுவிட்சர்லாந்தில் கச்சேரி செய்யக் கிளம்பிவிட்டார்கள். ஒரு முழு நாள் கிடைத்ததே தாராளம் என்று அப்போது நினைத்ததாக கிதார் கலைஞர் டோனி அயோமி பிற்காலத்தில் சொன்னார்.

அந்த ஒரு நாளில் உருவானதுதான் 'பிளாக் சபாத்' என்ற குழுவின் 'பிளாக் சபாத்' என்ற முதல் ஆல்பம். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, வெர்டிகோ நிறுவனம் அதை வெளியிட்டது. ஹெவி மெட்டல் என்ற இசை வகை இந்த இசைத்தட்டிலிருந்துதான் தொடங்குகிறது என்று சொல்பவர்கள் ஏராளம். அதை மறுப்பவர்களும் உண்டு. புளூ சியர் குழுவினர் 1968லேயே காது கிழியும் சத்தத்தில் வாசித்துவிட்டார்கள், லெட் செப்பலினின் முதல் ஆல்பம் 1969 ஜனவரியிலேயே வந்துவிட்டது என்பார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் சத்தமாக வாசிப்பது வேறு, கனமாக வாசிப்பது வேறு. அந்தக் கனம் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி.

இந்த ஆல்பத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பேய், பிசாசு, தலைகீழ்ச் சிலுவை என்றே போய்விடுகிறது. அந்தக் கதைகளில் சில உண்மை, சில பின்னால் ஒட்டவைக்கப்பட்டவை. ஆனால் காதில் விழும் ஒலியை அவை விளக்குவதில்லை. அதை விளக்க, ஒரு தொழிற்சாலை விபத்து, ஒரே ஒரு கிதார் மட்டும் உள்ள குழு, ஜாஸ் கேட்டு வளர்ந்த ஒரு டிரம்மர், திருத்தி வாசிக்க நேரமே இல்லாத ஒரு நாள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

ஆஸ்டனிலிருந்து வந்தவர்கள்

நான்கு பேரும் பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியில் வளர்ந்தவர்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானங்கள் குறிவைத்துத் தாக்கிய தொழில் நகரம் அது. 1950களில் அவர்கள் சிறுவர்களாக இருந்தபோதும் குண்டு விழுந்து இடிந்த மனைகள் அப்படியே கிடந்தன. பள்ளியை முடித்தால் தொழிற்சாலை என்பதுதான் எழுதப்படாத விதி. பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் ஆறு பிள்ளைகள் இருந்த வீட்டில் பிறந்தவர். கார் ஹாரன்களைச் சுருதி பார்க்கும் வேலையில் இருந்தார், ஆடுமாடு வெட்டும் கூடத்தில் வேலை பார்த்தார், திருட்டு வழக்கில் மாட்டி வின்சன் கிரீன் சிறையில் சில வாரங்கள் கழித்தார். பேஸ் கிதார் வாசித்த கீஸர் பட்லர் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை, கணக்கு வேலை கற்றுக்கொண்டிருந்தவர். டிரம்மர் பில் வார்டும் அயோமியும் ஏற்கெனவே 'மித்தாலஜி' என்ற குழுவில் ஒன்றாக வாசித்தவர்கள்.

ஆஸி ஒரு இசைக்கருவிக் கடையில் 'பாடகர் இருக்கிறார், சொந்தமாக ஒலிபெருக்கி உண்டு' என்ற பொருளில் விளம்பரச் சீட்டு ஒட்டியிருந்தார். அயோமி அதைப் பார்த்தார். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்தக் காலத்தில் சொந்தமாக ஒலிபெருக்கி வைத்திருப்பது ஒரு பாடகருக்குக் குரலுக்குச் சமமான தகுதி. 1968இல் தொடங்கிய குழுவில் முதலில் ஆறு பேர். சாக்ஸபோன் வாசிப்பவரும், ஸ்லைடு கிதார் வாசிப்பவரும் சீக்கிரமே நீங்கி, நான்கு பேர் 'எர்த்' என்ற பெயரில் புளூஸ் வாசிக்கத் தொடங்கினார்கள். நகரத்தில் 'ஹென்றிஸ் புளூஸ்ஹவுஸ்' என்ற கிளப்பை நடத்திய ஜிம் சிம்ப்சன் அவர்களுடைய மேலாளர் ஆனார்.

1968 டிசம்பரில் அயோமி சில வாரங்கள் ஜெத்ரோ டல் குழுவுக்குப் போய்த் திரும்பினார். திரும்பி வந்தவர் கையோடு கொண்டுவந்தது ஒழுங்கு. அந்தக் குழு அலுவலகம் போவது போலக் காலையிலேயே ஒத்திகைக்குக் கூடியதைப் பார்த்திருந்தார். இங்கேயும் காலை ஒன்பது மணிக்கு ஒத்திகை என்று ஆக்கினார். ஜெர்மனியில் ஹாம்பர்கின் ஸ்டார் கிளப் போன்ற இடங்களில் ஒரே நாளில் பல முறை மேடையேற வேண்டியிருந்தது. பாட்டு தீர்ந்துபோனால் இருப்பதை நீட்டி வாசிக்க வேண்டும். ஒரு நாளில் ஆல்பம் முடிந்ததற்குக் காரணம் இதுதான். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பின்னால் ஓராண்டுக்கும் மேலான இரவுகள் இருந்தன.

வெட்டுப்பட்ட இரண்டு விரல்கள்

அயோமிக்கு 17 வயது. உலோகத் தகடு வேலை நடக்கும் தொழிற்சாலையில் வெல்டிங் செய்துகொண்டிருந்தார். ஒரு குழுவோடு ஜெர்மனிக்குப் போக வாய்ப்பு வந்துவிட்டதால் வேலையை விட்டாயிற்று. அன்று கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவருக்குத் திரும்பிப் போக மனமில்லை. எடுத்த வேலையை முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பிவைத்தார். தகட்டை அழுத்தும் எந்திரத்தில் வேலை செய்ய வேண்டிய ஆள் அன்று வரவில்லை. அதில் அயோமியை நிறுத்தினார்கள். எந்திரம் வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளையும் வெட்டிவிட்டது.

அயோமி இடதுகைப் பழக்கம் உள்ளவர். எனவே கிதாரின் தந்திகளை அழுத்தும் கை வலது கைதான். இனி வாசிக்கவே முடியாது என்றார்கள் மருத்துவர்கள். தொழிற்சாலை மேலாளர் ஒருவர் அவரைப் பார்க்க வந்து ஒரு இசைத்தட்டைக் கொடுத்தார். ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் வாசித்தது. தீ விபத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும் ஐரோப்பிய ஜாஸ் கிதாரின் மிகப் பெரிய பெயராக ஆனவர் அவர். அதைக் கேட்ட பிறகுதான் அயோமிக்குத் திரும்ப முயலும் துணிவு வந்தது.

பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தின் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரல் நுனிக்குத் தொப்பி போல வார்த்து, அதன்மேல் தோல் துண்டு ஒட்டிக்கொண்டார். தோல் வேண்டும், இல்லையென்றால் தந்தியில் வழுக்கும். மெல்லிய கிதார் தந்திகள் அப்போது கடைகளில் கிடைக்கவில்லை. பாஞ்சோ தந்திகளை வாங்கி கிதாரில் மாட்டினார். மெல்லிய தந்தி என்றால் குறைந்த பலத்தில் வளைக்கலாம், நடுக்கலாம். ஆனால் தொப்பி போட்ட விரலுக்குத் தந்தியின் தொடு உணர்வே இருக்காது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் காதால்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான்கு விரல்களையும் விரித்துப் பிடிக்கும் சிக்கலான கார்டுகள் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) அவருக்குக் கடினம். அதனால் இரண்டு விரலில் பிடிக்கக்கூடிய பவர் கார்டுதான் அவருடைய மொழியாக ஆனது. நம் இசைப் பழக்கத்தில் சொன்னால், பவர் கார்டு என்பது சட்ஜமமும் பஞ்சமமும் சேர்ந்து ஒலிப்பது. காந்தாரம் கிடையாது. காந்தாரம் இல்லாததால் மேற்கத்தியக் காதுக்கு அது மகிழ்ச்சியும் இல்லை, சோகமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் வெறும் பாறையாக நிற்கும். ஆம்ப்ளிஃபயரின் ஒலியை உடைத்து உறுமவிட்டால் முழுக் கார்டு கலங்கிப்போகும். ச–ப மட்டும் உள்ள பவர் கார்டு தெளிவாக நிற்கும். அதற்குப் பௌதிகக் காரணம் உண்டு. சட்ஜமத்துக்கும் பஞ்சமத்துக்கும் அதிர்வெண் விகிதம் 2:3. உடைந்த ஒலியில் இந்த இரண்டின் வித்தியாசமும் ஒரு சுரமாகக் கேட்கும். 3இலிருந்து 2ஐக் கழித்தால் 1. அதாவது, வாசிக்காமலேயே ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு சட்ஜமம் ஒலிக்கிறது. ஒற்றை கிதாரில் இவ்வளவு தடிமன் எப்படி என்று கேட்டால், பாதிப் பதில் இதில் இருக்கிறது.

ஒரு தவறான கருத்தையும் இங்கே திருத்திவிடலாம். அயோமி தந்திகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கியதால்தான் இந்த ஆல்பம் இவ்வளவு கனமாக இருக்கிறது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அவர் மூன்று அரைச் சுரம் இறக்கி வாசிக்கத் தொடங்கியது 1971இல் வந்த மூன்றாவது ஆல்பமான 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில். முதல் ஆல்பம் வழக்கமான சுருதியில் வாசிக்கப்பட்டது. இதைத் தெரிந்துகொண்டு கேட்கும்போது ஆச்சரியம் கூடுகிறது. கனம் சுருதியில் இல்லையென்றால் வேறு எங்கே?

மூன்று சுரம்

ஆல்பம் மழைச் சத்தத்தில் தொடங்குகிறது. தூரத்தில் இடி, ஒரு தேவாலய மணி. அரை நிமிடத்துக்கும் மேல் வேறு எதுவும் இல்லை. அப்புறம் கிதாரும் பேஸும் டிரம்ஸும் ஒரே நேரத்தில் இறங்குகின்றன. கீழ் ச, மேல் ச, அங்கிருந்து இறங்கி பிரதி மத்தியமம். அந்த மத்தியமத்தை அயோமி விரலால் நடுக்குகிறார். அது பஞ்சமத்தை எட்டி எட்டித் தொடுகிறது, ஆனால் அங்கே போய் உட்காருவதில்லை. மறுபடியும் ச.

நமக்குப் பிரதி மத்தியமம் புதிதல்ல. 72 மேளகர்த்தா ராகங்களில் பாதி, அதாவது 36, பிரதி மத்தியம ராகங்கள். கல்யாணியில் அது எவ்வளவு இனிமையாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறோம். ஆனால் அங்கே சுற்றிலும் மற்ற சுரங்கள் இருக்கின்றன. தம்பூராவில் பஞ்சமம் ஓடிக்கொண்டே இருக்கிறது. மத்தியமம் அதன் மேல் சாய்ந்துகொள்கிறது. இங்கே சாய்ந்துகொள்ள ஒன்றுமில்லை. ஒரு அடித்தளச் சுரம், அதற்கு நேர் எதிரே ஸ்தாயியைச் சரிபாதியாக வெட்டும் இன்னொரு சுரம், நடுவில் வெறுமை. மேற்கத்திய இசையில் டிரைடோன் எனப்படும் இந்த இடைவெளி எங்காவது போய் முடிய வேண்டும் என்று காது எதிர்பார்க்கும். பாட்டு அதை முடித்துவைக்க மறுக்கிறது. பயம் அந்த மறுப்பில்தான் இருக்கிறது.

இடைக்காலத்தில் திருச்சபை இந்தச் சுரச் சேர்க்கையைத் தடை செய்திருந்தது என்று மெட்டல் ரசிகர்கள் ஆசையோடு சொல்லும் கதை ஒன்று உண்டு. அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கூட்டாகப் பாடும்போது பிடிக்கச் சிரமமான சுரம் என்பதால் இசை ஆசிரியர்கள் தவிர்க்கச் சொன்னார்கள். 'இசையில் உள்ள சாத்தான்' என்ற பட்டப்பெயர் 18ஆம் நூற்றாண்டு இசை நூல்களில் பரவலாகிறது. அயோமிக்கு இந்த வரலாறு எதுவும் அப்போது தெரியாது. கீஸர் பட்லர் ஒத்திகையில் குஸ்டாவ் ஹோல்ஸ்ட்டின் 'கிரகங்கள்' என்ற ஆர்கெஸ்ட்ரா படைப்பிலிருந்து செவ்வாய்ப் பகுதியை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிலும் இதே இடைவெளி வரும். அதைக் கேட்டிருந்த அயோமியின் கையிலிருந்து இந்த ரிஃப் (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிதார் சுர வரிசை) வந்தது. போரின் கிரகத்துக்காக எழுதப்பட்ட ஒலி, குண்டு விழுந்த ஊரில் வளர்ந்த பையன்களிடம் வந்து சேர்ந்தது.

வேகத்தையும் கவனிக்க வேண்டும். 1969இல் இவ்வளவு மெதுவாக வாசித்த ராக் குழு அரிது. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் அவ்வளவு இடம் இருக்கிறது. அந்த இடத்தில் கிதாரின் எதிரொலி தேய்வது கேட்கிறது. வார்டின் டாம் டிரம்கள் உருண்டு அடங்குவது கேட்கிறது. ஆஸி வந்து கறுப்பு உருவம் ஒன்று தன்னைச் சுட்டிக்காட்டி நிற்பதாக முறையிடுவது கேட்கிறது. அந்த வரி கீஸரின் அனுபவம். மாந்திரீகப் புத்தகங்கள் படித்துக்கொண்டிருந்த நாட்களில், இரவில் விழித்துப் பார்த்தபோது கட்டில் ஓரத்தில் கறுப்பு உருவம் நின்றதாக அவர் சொல்லியிருக்கிறார். கவனிக்க வேண்டியது, பாட்டில் சாத்தானைப் புகழ்வதே இல்லை. பாடுபவன் பயந்து ஓடுகிறான், கடவுளைக் கூப்பிட்டு உதவி கேட்கிறான். கத்தோலிக்கப் பிள்ளையின் அனுபவத்திலிருந்து பிறந்த பாட்டு என்பது அதில் தெரிகிறது.

பாட்டு முதலில் வந்தது, குழுவின் பெயர் பின்னால் வந்தது. 'எர்த்' என்ற பெயரில் வேறொரு குழுவும் இருந்ததால் குழப்பம் ஏற்பட்டது. ஒத்திகை நடந்த இடத்துக்கு எதிர்த் திரையரங்கில் மாரியோ பாவா இயக்கிய, போரிஸ் கார்லாஃப் நடித்த 1963ஆம் ஆண்டுத் திகில் படம் ஓடியது. பயப்படுவதற்கு ஜனங்கள் காசு கொடுத்து வரிசையில் நிற்கிறார்களே என்று பேசிக்கொண்டார்கள். பாட்டுக்கும் குழுவுக்கும் அந்தப் படத்தின் பெயரே அமைந்தது.

மற்ற இருவர்

பிளாக் சபாத் என்றால் அயோமியும் ஆஸியும் என்றே பலர் நினைக்கிறார்கள். இந்த ஆல்பத்தைப் பொறுத்தவரை இது பெரிய அநியாயம்.

கீஸர் முன்பு ரிதம் கிதார் வாசித்தவர். குழுவில் இரண்டாவது கிதார் வேண்டாம் என்று அயோமி சொன்னதால் பேஸுக்கு மாறினார். கிரீம் குழுவின் ஜாக் புரூஸ் அவருடைய ஆதர்சம். பேஸ் வழக்கமாக கிதாருக்கு அடியில் தனிக் கோடு போட்டுக்கொண்டு போகும். கீஸர் ரிஃபை அப்படியே கூடவே வாசிக்கிறார். அயோமி தந்தியை வளைத்தால் இவரும் தடித்த பேஸ் தந்தியை வளைக்கிறார். இரண்டு கருவியும் ஒரே சுரத்தில் அசையும்போது ஒரே மிருகம் அசைவதாகத் தோன்றுகிறது. அயோமி தனி ஆவர்த்தனம் வாசிக்கப் போகும்போதுதான் கீஸர் பிரிந்து தன் போக்கில் ஓடுகிறார். 'என்.ஐ.பி.' பாட்டுக்கு முன்னால் அவர் தனியாக வாசிக்கும் பகுதியைக் கேட்டால் போதும், வேறு சாட்சி வேண்டாம்.

பில் வார்டு ஜீன் க்ரூபா, பட்டி ரிச் போன்ற ஜாஸ் டிரம்மர்களைக் கேட்டு வளர்ந்தவர். தாளத்தை இரும்பாகப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆள் இல்லை. ரிஃபுக்குப் பதில் சொல்கிறார், முந்துகிறார், பின்வாங்குகிறார், இடைவெளியை நிரப்புகிறார். 'விகட் வேர்ல்டு' தொடங்கும்போது அவர் சிம்பலில் போடுவது சுத்தமான ஸ்விங், ஜாஸுக்கே உரிய ஆடியசையும் தாளநடை. இன்றைய மெட்டல் ஆல்பங்களில் டிரம்ஸ் கணினிக் கட்டத்தில் ஒட்டியது போல நேராக இருக்கும். அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு வார்டு தள்ளாடுவதாகத் தோன்றலாம். பொறுமையாக இரண்டு முறை கேளுங்கள். அந்த அசைவு இல்லாவிட்டால் இந்த ரிஃப்கள் வெறும் கல்லாகக் கிடந்திருக்கும். பின்னால் வந்தவர்கள் அயோமியின் ரிஃபை எடுத்துக்கொண்டு வார்டின் ஸ்விங்கை விட்டுவிட்டார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

அந்த நாள்

தயாரிப்பாளர் ரோஜர் பெய்ன், ஒலிப்பதிவாளர் டாம் ஆலம். (ஆலம் பின்னாளில் ஜூடாஸ் பிரீஸ்ட்டின் புகழ்பெற்ற ஆல்பங்களைத் தயாரித்தார்.) இருவரும் செய்த மிகப் பெரிய நல்ல காரியம், குழுவை மாற்ற முயலாததுதான். மூன்று பேர் ஒன்றாக ஒரே இடத்தில் வாசிக்க, ஆஸி தனித் தடுப்புக்குள் நின்று அதே நேரத்தில் பாடினார். மேலே சேர்த்தது மிகக் குறைவு. சில இடங்களில் இரண்டாவது கிதார் தனி ஆவர்த்தனம் அவற்றில் ஒன்று. மழை, இடி, மணி ஓசைகளைக் குழு கிளம்பிய பிறகு அவர்கள் இருவரும் சேர்த்தார்கள். ஆல்பத்தின் ஆகப் பிரபலமான முதல் அரை நிமிடத்தில் குழுவினர் யாரும் இல்லை.

அயோமி கொண்டுவந்தது ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர். முதலில் 'விகட் வேர்ல்டு' பதிவானது. அதை முடித்ததும் கிதாரின் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பகுதி) பழுதாகிவிட்டது. சரிசெய்ய நேரமில்லை. மாற்றாக வைத்திருந்த கிப்சன் எஸ்ஜியை எடுத்து மீதிப் பாடல்கள் எல்லாவற்றையும் வாசித்தார். அதன் பிறகு வாழ்நாள் முழுக்க அந்த வகைதான். உலகம் முழுவதும் மெட்டல் கலைஞர்கள் எஸ்ஜியைத் தோளில் மாட்டுவதற்கு, ஒரு ஸ்டுடியோவில் ஒரு பிக்கப் செத்துப்போனது பெரிய காரணம்.

பிரிட்டிஷ் இசைத்தட்டில் ஏழு பாடல்கள் இடம்பெற்றன. எல்லாம் ஒரே தரம் என்று நான் சொல்ல மாட்டேன். 'ஈவில் உமன்' அமெரிக்கக் குழுவான க்ரோவின் பாடல். ஹிட் சிங்கிள் (தனிப்பாட்டு இசைத்தட்டு) வேண்டும் என்பதற்காக வாசித்தது. ஈடுபாடு இல்லாமல் வாசித்தது கேட்டாலே தெரியும். 'வார்னிங்' எய்ன்ஸ்லி டன்பரின் குழு முன்பு வெளியிட்ட புளூஸ் பாடல். மேடையில் மணிக்கணக்கை நிரப்ப நீட்டிய பழக்கத்தில் இங்கேயும் மிக நீளமாக வாசித்தார்கள். பெய்ன் வெட்டிய பிறகும் பத்து நிமிடம் இருக்கிறது. அயோமி தனியாக அலையும் சில பகுதிகளில் கவனம் சிதறத்தான் செய்கிறது. ஆனால் அதே பாட்டில், அவர் புளூஸ் கிதாரிலிருந்து வேறு எதற்கோ மாறிக்கொண்டிருப்பதும் கேட்கிறது. 'தி விசார்டு' ஆஸியின் மவுத் ஆர்கனில் தொடங்கும்; டோல்கினின் கந்தால்ஃப் பாத்திரத்தை மனத்தில் வைத்து எழுதியது. 'ஸ்லீப்பிங் வில்லேஜ்' தொடக்கத்தில் யூத ஹார்ப் வாசிப்பது தயாரிப்பாளர் பெய்ன். நம் மோர்சிங்கின் ஐரோப்பியச் சகோதரன் அது.

'என்.ஐ.பி.' பற்றி ஒரு வார்த்தை. சாத்தான் ஒரு பெண்மேல் காதல் கொண்டு மாறிப்போகிறான் என்பது பாட்டின் கதை. தலைப்புக்கு ஏதோ இரகசியச் சாத்தானிய விரிவு இருப்பதாக அமெரிக்காவில் ரசிகர்கள் நம்பினார்கள். உண்மையில் பேனா நிப் போலக் கூராக இருந்த பில் வார்டின் தாடிக்கு நண்பர்கள் வைத்த கேலிப்பெயர் அது. நடுவில் புள்ளிகள் வைத்ததால் மர்மம் பிறந்தது.

உறையும் அதன் விளைவும்

சாத்தான் பெயர் ஒட்டிக்கொண்டதில் இசையை விட உறைக்குப் பங்கு அதிகம். ஆக்ஸ்ஃபோர்டுஷையரில் தேம்ஸ் கரையில் உள்ள மேப்பிள்டர்ஹம் நீராலை முன்னால், கறுப்பு உடையில் ஒரு பெண். வெர்டிகோவுக்காக நிறைய உறைகள் செய்த கீத் மக்மில்லன், அகச்சிவப்புப் படச்சுருளில் விடியற்காலைக் குளிரில் எடுத்தது. அதனால்தான் இலைகளும் வானமும் அப்படி நோய்ப்பட்ட இளஞ்சிவப்பில் இருக்கின்றன. மாடல் லூயிசா லிவிங்ஸ்டன் யார் என்பது ஐம்பது ஆண்டுகள் பொதுவெளியில் தெரியாமலேயே இருந்தது. 2020இல்தான் அவர் பத்திரிகைக்குப் பேசினார். முன்பக்கத்தில் குழுவின் படமே இல்லை. 1970இல் அது துணிச்சலான முடிவு.

உறையைத் திறந்தால் உள்ளே ஒரு பெரிய தலைகீழ்ச் சிலுவை, அதற்குள் ஒரு இருண்ட கவிதை. இது குழுவைக் கேட்டுச் செய்ததல்ல. வெளியான பிறகு பார்த்துத்தான் அவர்களுக்கே தெரியும். அதற்குப் பிறகு சாத்தானை வழிபடுவதாகச் சொல்லிக்கொண்டவர்கள் ஒரு பக்கம் தேடி வந்தார்கள், கண்டனம் செய்பவர்கள் இன்னொரு பக்கம் வந்தார்கள். நான்கு பேரும் பயந்துபோய்க் கழுத்தில் சிலுவை அணியத் தொடங்கினார்கள். தொழிற்சாலையில் கருவிகள் செய்பவரான ஆஸியின் அப்பாதான் முதல் சிலுவைகளை உலோகத்தில் செய்து கொடுத்தார். இன்றைக்கும் மெட்டல் இசையின் அடையாளமாகத் தெரியும் அந்தச் சிலுவை, பாதுகாப்புக்காக அணிந்தது.

விமர்சகர்கள் ஆல்பத்தைக் கிழித்தார்கள். ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில் லெஸ்டர் பேங்ஸ், கிரீம் குழுவின் மோசமான நகல் என்ற தொனியில் எழுதினார். பெரிய விளம்பரமும் இல்லை. ஆனாலும் பிரிட்டனில் 8ஆம் இடம். ஜூன் மாதம் வார்னர் பிரதர்ஸ் அமெரிக்காவில் வெளியிட்டபோது 23ஆம் இடம். வாங்கியவர்கள் யார் என்று யோசித்தால் விமர்சகர்கள் ஏன் தவறவிட்டார்கள் என்பது புரியும். பூக்களும் அமைதியும் பாடிய அறுபதுகளின் இசை, ஆஸ்டன் போன்ற ஊர்களில் வாழ்ந்த பிள்ளைகளின் வாழ்க்கையைத் தொடவே இல்லை. அந்தக் கனவு தங்களுக்கு அந்நியமாக இருந்தது என்று ஆஸியும் கீஸரும் பலமுறை சொல்லியிருக்கிறார்கள்.

பர்மிங்காம் தொழிற்சாலைகளின் சத்தம்தான் இந்த இசையாக மாறியது என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் எனக்கு அது போதவில்லை. தொழிற்சாலை இந்த இசைக்குள் ஓசையாக வருவதற்கு முன்பே காயமாக வந்துவிட்டது. வராத ஆளுக்குப் பதிலாக ஒரு பையனைப் பழக்கமில்லாத எந்திரத்தில் நிறுத்தியதுதான் நிச்சயமாகச் சொல்லக்கூடிய தொடர்பு. அந்தக் கை எப்படி வாசிக்க முடியுமோ அப்படித்தான் ஒரு இசை வகையே வாசிக்கக் கற்றுக்கொண்டது.

அதே 1970 செப்டம்பரில் 'பாரனாய்டு' வந்து பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. பாடல்கள் அதில் இன்னும் கச்சிதம். பெரும்பாலானவர்கள் அதையே குழுவின் உச்சம் என்பார்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் மெதுவாகவும் கனமாகவும் வாசிக்கும், டூம் மெட்டல் என்று இன்று அழைக்கப்படும் முழு மரபும் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டிலிருந்து கிளைத்தது. அதே பர்மிங்காமில் பின்னாளில் உருவான காட்ஃபிளெஷ் குழுவின் இசையிலும் அந்த மெதுவான நசுக்கல் கேட்கிறது.

2025 ஜூலை 5 அன்று ஆஸ்டனில் உள்ள வில்லா பார்க் மைதானத்தில் நான்கு பேரும் கடைசியாக ஒன்றாக மேடையேறினார்கள். ஆஸி உட்கார்ந்துதான் பாடினார். வாசித்த நான்கு பாடல்களில் ஒன்று 'என்.ஐ.பி.'. ஜூலை 22 அன்று அவர் காலமானார். அந்த நாட்களில் பலர் முதல் முறையாகப் பழைய ஆல்பங்களைத் தேடினார்கள் என்பதால், எந்தப் பதிப்பைக் கேட்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்கப் பதிப்பில் 'ஈவில் உமன்' இல்லை. அதன் இடத்தில் 'விகட் வேர்ல்டு' இருக்கிறது. பிரிட்டனில் அந்தப் பாட்டு சிங்கிளின் பின்பக்கமாக மட்டுமே வந்தது. பிற்கால மறுவெளியீடுகள் பலவற்றில் இரண்டும் உண்டு. கிடைத்தால் அமெரிக்க வரிசையைத் தேர்ந்தெடுங்கள். அரைமனதாக வாசித்த பாட்டு போய், அன்று காலை பிக்கப் சாவதற்கு முன் ஸ்ட்ராடோகாஸ்டரில் பதிவான ஒரே பாட்டு உள்ளே வருகிறது. வறுமையையும் போரையும் கோபமாகப் பேசும் வரிகள். ஸ்விங்கில் தொடங்கி நடுவில் அப்படியே தரையிறங்கி மெதுவாகும் ரிஃப். ஜாஸ் கேட்ட டிரம்மரும் வெட்டுப்பட்ட விரல்களும் ஒரே பாட்டில் தெளிவாகக் கேட்பது அதில்தான்.